மேட்டு மணலில் நட்ட முருங்கை

என் சின்னம்மா மகள் அமுதவள்ளிக்கு உட்காரத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் என் பேத்தி கல்யாணத்துக்கு வந்தவள் மண்டபத்து நாற்காலியில் ஐந்து நிமிடம் இருந்திருப்பாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் கட்டிய வாழைமரத்தின் காய்ந்த மடலை உரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாப்பிள்ளை வீட்டாளுங்க பாக்குறாங்க, வந்து உக்காரு புள்ள" என்றேன்.

"இருங்கண்ணே, இது ஒண்ணுதான்."

ஒன்றோடு நிற்கவில்லை. இரண்டு மரத்தையும் சுத்தம் செய்துவிட்டு, பட்டுச்சேலையில் வாழைக்கறையோடு பந்திக்கு வந்தாள்.

என் அம்மாவும் அவள் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரே லயத்தில் முதல் வீடு எங்களுடையது, நான்காவது வீடு அவர்களுடையது. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அவள் பிறந்த அன்று மருத்துவச்சியைக் கூட்டிவரச் சைக்கிள் மிதித்தவன் நான். இப்போது எனக்கு எழுபத்து நாலு, அவளுக்கு ஐம்பத்தெட்டு. நான் கிள்ளானில் மகளோடு இருக்கிறேன், அவள் டெங்கிலில் ஒரு நாலாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் சின்னையா மணல் லோரி ஓட்டியவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டான். ஒரே மகன் ரிஷி ஜொகூரில் வேலை பார்க்கிறான்.

பதினாலு வயதிலேயே அவள் தோட்டத்தில் புல் வெட்டும் கும்பலில் சேர்ந்துவிட்டாள். லாலாங் புல் இருக்கிறதே, அதை மேலே வெட்டினால் பயனில்லை. அடியில் வெள்ளை வேர் கயிறு மாதிரி ஓடும், அறுந்த இடத்திலெல்லாம் மறுபடி முளைக்கும். அறுக்காமல் முழுசாக உருவி எடுக்க வேண்டும். அமுதா கை வைத்தால் ஒரு முழம், இரண்டு முழம் என்று வந்துகொண்டே இருக்கும். வேலை வாங்கும் மண்டோர்கூட நின்று பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு மாறினால், பால் காய்ச்சுவதற்கு முன்னால் பழைய வீட்டு முருங்கையில் ஒரு கொம்பு வெட்டிவந்து புது வீட்டுக்குப் பின்னால் நட வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் தொடங்கியது என்பார்கள். மற்றவர்கள் விட்டுவிட்டோம். அமுதா விடவில்லை. தோட்டத்தை விற்று எல்லாரையும் கிளப்பியபோது ஜனங்கள் சட்டி பானையையும் சாமி படத்தையும் கட்டினார்கள். அவள் முதலில் எடுத்தது சின்னம்மா நட்ட முருங்கையின் ஒரு கொம்பு. பூச்சோங் கம்பத்தில், புறம்போக்குக் குடியிருப்புக்கு அதுதான் பெயர், அதை நட்டாள். மரம் காய்த்த வருஷம் கம்பத்தை உடைத்தார்கள். தற்காலிகமாகக் கொடுத்த பலகை வீட்டில் நட்டாள், அங்கே ரோடு போட்டார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறைக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தபோது நட்டாள், பட்டறைக்காரன் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அதையும் வெட்டினான். ஒவ்வொரு தடவையும் ஒரு கொம்பு தப்பித்து அவளோடு லோரியில் ஏறியது.

நாலாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? பெயிண்ட் டின்னில் நட்டு நடைபாதையில் வைத்தாள். பூச்சி வருகிறது, எடுக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து மூன்று தடவை கடிதம் வந்தது. அவளுடைய கொம்போ டின்னுக்குள் நோஞ்சானாக, பென்சில் கனத்தில் நின்றது. அந்த ஃபிளாட்டில் முதல் நாலு வருஷமும் அவள் எனக்குக் காலை ஆறு மணிக்குப் போன் பண்ணுவாள். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. "கை சும்மா இருக்குண்ணே, ஒரு மாதிரியா இருக்கு" என்பாள்.

அப்போதுதான் ஒரு பழைய மணல் குவாரியில் வேலை கிடைத்தது.

டெங்கிலைத் தாண்டிப் போனால் முன்பு மணல் எடுத்த நிலம் ஒன்று. சின்னையா லோரியில் மணல் ஏற்றியதும் அங்கேதான். மணல் தீர்ந்தது, குழிகளில் தண்ணீர் நிறைந்து குளமானது. மணல் கழுவிய இரும்புக் கோபுரம் துருப்பிடித்து ஒரு பக்கம் நிற்கிறது. நடுவில், கழுவி ஒதுக்கிய மணல் ஒரு மேடாகக் கிடக்கிறது, ஒரு பந்து விளையாடும் திடல் அளவுக்கு இருக்கும். அங்கே வெயில், மணல், இவ்வளவுதான்.

அந்த மேட்டுக்கு மாசி பங்குனியில் ஒரு பறவை வரும். மலாய்க்காரர்கள் பெரெக்-பெரெக் என்பார்கள். செங்கல் நிறத் தலை, நீலத் தொண்டை, பச்சைச் சிறகு, வாலில் இரண்டு ஈர்க்கு நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கிற தேனீயையும் தும்பியையும் பிடித்து, கம்பியில் அடித்துச் சாகடித்துத் தின்னும். அது மரத்தில் கூடு கட்டாது. வெட்ட வெளி மணலில், அலகால் குத்திக் காலால் தள்ளி, சாய்வாக ஒரு கை நீளத்துக்கும் மேலே பொந்து தோண்டி, அதற்குள்ளே முட்டையிடும். புல் மூடாத, நிழல் விழாத மணல் வேண்டும் அதற்கு. அப்படி ஓர் இடம் இந்தப் பக்கத்தில் இன்று எங்கே இருக்கிறது? எங்கே மணல் தெரிந்தாலும் வீடு கட்டிவிடுகிறார்கள்.

இயற்கைச் சங்கம் ஒன்றும் நிலத்துக்காரக் கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இரண்டு வருஷம், ஒவ்வொரு மே மாதமும், அங்கே குறைந்தது பத்துப் பொந்து இருந்தால் நிலத்தை அப்படியே விடுவது. குறைந்தால் லோரி நிறுத்துமிடம் கட்டுவது. முதல் வருஷம் பதினாலு பொந்து. இரண்டாவது வருஷத்துக்குத்தான் புல் பிடுங்க ஆள் தேடினார்கள்.

சங்கத்திலிருந்து அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்வது சந்திரகலா. நாற்பது வயதுக்குள் இருக்கும், வியாழக்கிழமை தோறும் காரில் வருவாள். அமுதாவை வேலைக்கு எடுத்த அன்று மேட்டைக் காட்டிச் சொன்னாளாம்:

"ஆன்டி, லாலாங் ஒண்ணு விடாம எடுத்துடுங்க. ஆனா ஒண்ணும் நடாதீங்க. இந்த இடம் காலியா இருக்கணும், அதான் நம்ம வேலையே."

"காலியாவா? சும்மா போட்டு வைக்கவா?"

"சும்மா இல்ல ஆன்டி. அதுங்களுக்கு இது வீடு."

அமுதா தலையை ஆட்டினாள். இரண்டு வாரத்தில் மேடு முழுக்க லாலாங்கை உருவி எடுத்தாள். அங்கே ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கும் வாசு, அறுபதைத் தாண்டியவர், சின்னையாவோடு லோரி ஓட்டியவர், மலைத்துப்போனார். "இந்தம்மா மண்ணுக்கு மொட்டை அடிச்சிட்டா லா" என்றாராம்.

வேலை முடிந்துவிட்டது. அதுதான் வினை. புல் இல்லாத மண், பறவை வர இன்னும் நாலு மாதம், சும்மா இருக்கும் இரண்டு கை. ஒரு சாண் இடம் கிடைத்தால் கறிவேப்பிலையும், இரண்டு சாண் கிடைத்தால் மரவள்ளியும் ஊன்றியே வளர்ந்தவர்கள் நாங்கள். வெறும் நிலத்தைப் பார்த்தால் எங்களுக்கு யாரோ பசியோடு நிற்கிற மாதிரி இருக்கும். ஐப்பசி மழை தொடங்கிய வாரம் அவள் பெயிண்ட் டின்னோடு பஸ் ஏறினாள்.

மேட்டின் பின்சரிவில், வாசல் பக்கத்துக் காவல் கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தண்ணீர் தேங்காத உயரமான மணலாகப் பார்த்து முருங்கையை நட்டாள். சாணி கொண்டுவந்து போட்டாள், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். ஒரு மரம் தனியாக நிற்பது நன்றாக இல்லையென்று பக்கத்தில் நாலு மரவள்ளிக் குச்சி. பிறகு ஒரு வரிசை. பிறகு இன்னொரு வரிசை, பூசணி. தினம் குளத்திலிருந்து இரண்டு டின் தண்ணீர் சுமந்தாள்.

வாசு பார்த்துவிட்டார்.

"என்னா அமுதா, புல்லு புடுங்க வந்தியா, தோட்டம் போட வந்தியா?"

"நீங்க ஜாகா பாக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா? உங்க வேலையைப் பாருங்கண்ணே."

"சந்திரகலாகிட்ட சொல்லிடவா?"

"சொல்லுங்க. கெழங்கு வந்தா உங்க வீட்டுக்குப் போகாது."

"அட, நா என்னாத்த பாத்தேன்? எனக்கு இப்ப கண்ணே சரியாத் தெரியறதில்ல லா."

இப்படித்தான் விஷயம் வெளியே தெரியாமல் போனது. மேட்டின் மேல் நடக்கக் கூடாது, பறவைக்குப் பழகட்டும் என்று சந்திரகலா கொட்டகையிலிருந்தே தூரக்கண்ணாடியில் பார்ப்பாள். பின்சரிவு அவள் கண்ணுக்குப் படவில்லை.

எனக்கு வந்த ஆறு மணிப் போன்கள் நின்றுவிட்டன. பதிலாகப் படம் வந்தது. முருங்கை இடுப்பளவு. முருங்கை தோளளவு. மாசியில் ஒரு படம்: முதல் பூ, பின்னால் துருப்பிடித்த இரும்புக் கோபுரம். "அம்மா மரம் பூத்துருச்சுண்ணே" என்று குரலில் பேசி அனுப்பியிருந்தாள். எங்கே நட்டாய் என்று நான் கேட்கவில்லை. சின்னம்மா முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த மாதக் கடைசியில் பறவைகள் வந்தன. கம்பி வேலியில் வரிசையாக உட்கார்ந்து மேட்டைப் பார்த்தன. சில பறவைகள் பின்சரிவுக்குப் போய் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பின. ஒரு வாரம் இப்படியே அலைந்தன. பிறகு மேட்டை விட்டு, குளத்தங்கரைப் பள்ளத்து மணலில் தோண்டத் தொடங்கின. ஆறு பொந்து. சந்திரகலாவுக்கு நெற்றி சுருங்கியது. "ஏன் கீழ போகுதுங்க? போன வருஷம் பின்பக்க உச்சியிலதானே அத்தனையும் இருந்துச்சு" என்றாள். அமுதா அந்த நேரம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்து வழிந்ததைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் தண்ணீர் சுமக்கவில்லை. ஆனால் பிடுங்கவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் போனாள், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள், நடந்து திரும்பினாள். இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் போனது.

சித்திரை மழை வந்தது. இந்தப் பக்கத்துச் சித்திரை மழை தெரியும்தானே, ஒரு மணி நேரம் கொட்டினாலே ரோடு ஆறாகும். அன்று மத்தியானம் தொடங்கி இருட்டும் வரை கொட்டியது. மறுநாள் காலை அவள் போனபோது குளம் கரையேறி நின்றது. ஆறு பொந்தும் தண்ணீருக்கு அடியில். வேலிக் கம்பியில் ஒரு பறவை வாயில் தும்பியோடு உட்கார்ந்திருந்தது. பொந்து இருந்த இடத்துக்கு மேலே பறந்து போகும், சுற்றும், திரும்பி வந்து அதே கம்பியில் உட்காரும். தும்பியை விழுங்கவுமில்லை, போடவுமில்லை. பத்து மணி வரைக்கும் அப்படியே செய்தது என்று அமுதா என்னிடம் சொன்னாள். அவளும் பத்து மணி வரைக்கும் நின்றாள். அவள் ஆயுளில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றது அன்றுதான்.

தண்ணீர் தேங்காத மணல் எது என்று அவள் பார்த்து வைத்திருந்தாள் அல்லவா? அதுங்களும் அதைத்தான் பார்த்து வைத்திருந்தன.

பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்சரிவுக்குப் போனாள். மரவள்ளியைப் பிடுங்கினாள், கிழங்கு விரல் கனத்துக்கு வந்திருந்தது. பூசணியைச் சுருட்டி எறிந்தாள். கடைசியாக முருங்கை. அடியோடு தோண்டி எடுத்து, ஒரு கொம்பை மட்டும் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினாள். குழியை மூடினாள். ஆனால் அவள் ஊற்றிய தண்ணீரும் போட்ட சாணியும் சேர்ந்து அந்த மணல் இறுகிப்போயிருந்தது. சாங்குல் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி உதிர்த்துப் பார்த்தாள். பறவைகள் மேட்டுக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்து, மே மாதத்துக்குள் பள்ளத்தில் மூன்று பொந்து மட்டும் புதிதாக வந்தது, அவ்வளவுதான்.

"விடு அமுதா. எல்லாத்தையும் புடுங்கியாச்சு, ஒரு அடையாளமும் இல்ல" என்றார் வாசு. "வாயைத் தொறக்காத. வேலை போய்டும். மழையால போச்சுன்னுதானே நெனைக்கிறாங்க, நெனைக்கட்டும்."

போனிலிருந்த முருங்கைப் படங்களையெல்லாம் அன்றே அவள் அழித்துவிட்டாள்.

எண்ணுகிற நாள் வந்தது. கொட்டகைக்கு முன்னால் துணிப்பந்தல். சந்திரகலா, நிலத்துக்காரர்களின் ஆள் ஒருவர், இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு மலாய்க்கார அதிகாரி. அமுதா வடையும் தேநீரும் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். எண்ணி முடித்தார்கள். மூன்று.

நிலத்துக்காரர்களின் ஆள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். யாரையும் குறை சொல்லவில்லை. நிலம் காலியாக இருந்தது, புல் சுத்தமாக எடுத்திருக்கிறீர்கள், யாரும் தொந்தரவு செய்யவில்லை, அப்படியும் பறவை மேட்டை வேண்டாம் என்றுவிட்டது, அதற்கே இந்த இடம் பிடிக்கவில்லை, நாம் என்ன செய்ய முடியும் என்றார். அதிகாரி தலையசைத்தார். சந்திரகலா கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

வாசு தூரத்திலிருந்து அமுதாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"சாயா யாங் தானாம், துவான்" என்றாள் அமுதா. நான்தான் நட்டேன், ஐயா.

யாருக்கும் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த மலாய் பாசார் மலாய், சந்தையில் பேசும் கொச்சை மலாய். அதில் மடமடவென்று கொட்டினாள்: அந்த உச்சி மணலில், அதுங்க இடத்தில், நான் முருங்கை நட்டேன், மரவள்ளி நட்டேன், தினம் தண்ணீர் ஊற்றினேன், அதுங்க வந்து பார்த்துட்டுத்தான் கீழே போச்சு, இடம் பிடிக்காமல் போகவில்லை, நான் விடவில்லை.

சந்திரகலாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஆன்டி, என்ன சொல்றீங்க? நான் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீங்கம்மா. நல்லாத்தான் சொன்னீங்க."

நிலத்துக்காரர்களின் ஆள் சிரித்தார். நல்ல அம்மா, உங்கள் சங்கத்தைக் காப்பாற்றப் பேசுகிறார், ஆனால் மரம் எங்கே, ஆதாரம் எங்கே என்றார். அங்கே பிடுங்கி உதிர்த்த மணல்தான் இருந்தது.

எனக்குப் போன் வந்தது அப்போதுதான். கிள்ளானில் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன்.

"அண்ணே, அம்மா மரம் பூத்த படம் இருக்கா? நா அனுப்புனது?"

"இருக்கு புள்ள. ஏன், உன்கிட்ட இல்லையா?"

"நா அழிச்சிட்டேன். இப்பவே அனுப்புங்க. எல்லாத்தையும் அனுப்புங்க."

"எதுக்கு, என்னா அவசரம்?"

"அனுப்புங்கண்ணே!"

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. எச்சில் கையோடு மகளைக் கூப்பிட்டு ஏழு படத்தையும் அனுப்பச் சொன்னேன். எதற்காக என்று தெரிந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

ஏழு படம். தேதி இருந்தது. பின்னால் இரும்புக் கோபுரம் இருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். பூத்த படத்தில் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு மலாயில் சொன்னார்: இந்த வருஷத்தைக் கணக்கில் எடுக்க முடியாது, மேடு காலியாக இல்லை. அடுத்த மே மாதம் மறுபடி எண்ணுவோம். நிலத்துக்காரர்களின் ஆள் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: இந்தப் பெண் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது.

சந்திரகலா மறுக்கவில்லை. எப்படி மறுப்பாள்? சாயங்காலம் அவளே காரில் ஏற்றி ஃபிளாட்டில் விட்டாளாம்.  இறங்கும்போது, "ஏன் ஆன்டி சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா வேற இடத்துல வேலை வாங்கித் தந்திருப்பேனே" என்றாள்.

"என்னை எத்தன இடத்துலேருந்து கெளப்பியிருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் அமுதா. "நானும் அதையே செஞ்சிட்டேன்ல. நா சொல்லலேன்னா, புடிக்காமத்தான் போச்சுன்னு அதுங்க மேலயே பழியைப் போடுவாங்க."

ஈரச் சாக்கில் சுற்றிய கொம்பு என் வீட்டுக்கு வந்தது. பின்பக்கச் சிமெண்டில் இரண்டு அடி உடைத்து நட்டேன். மருமகன் முணுமுணுத்தார். துளிர்த்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மறுபடி ஆறு மணிப் போன். கை சும்மா இருக்குண்ணே. ஆனால் ஒரு நாள் போனில் பஸ் சத்தம் கேட்டது. எங்கே போகிறாய் என்றேன். சொல்லவில்லை. என் மகளைக் காரெடுக்கச் சொல்லி அந்த வாரம் டெங்கிலுக்குப் போய்ப் பார்த்தேன்.

வேலிக்கு வெளியே, ரோட்டோரப் புறம்போக்கில், குனிந்து லாலாங் உருவிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் வேலியைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு மண் தெரிந்தது.

"யாரு செய்யச் சொன்னா? சம்பளம் உண்டா?" என்றேன்.

"லாலாங் வேரு வேலியப் பாத்தா நிக்கும்? அடியில ஓடி உள்ள போய்டும்ணே. இங்கேயே எடுத்துட்டா மேட்டுக்கு வராது."

வாசு வேலிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பாத்தீங்களாண்ணே, உள்ள இருந்தப்பகூட இவ்ளோ வேலை செய்யல இவ. எனக்குக் காவல் இவதான்."

"பேசாம கண்ண மூடுங்க. அதுதானே ஒங்க வேலை" என்றாள்.

பறவைகள் அடுத்த மாசியில் வந்தன. ஒரு மழைக்காலம் முழுக்கக் கழுவப்பட்டு மணல் மறுபடி உதிரியாகியிருந்தது. வேலிக்கு வெளியே நின்றபடி அவள் எனக்குப் போன் செய்தாள்.  "மணலு தள்ளுதுண்ணே. உச்சியில. மூணு எடத்துல தள்ளுது" என்றாள். மே மாதம் எண்ணினார்கள், பன்னிரண்டு. நிலத்தை அப்படியே விடுவதென்று கையெழுத்தானது.

அன்றைக்கே சந்திரகலா வேலிக்கு வந்தாளாம். "ஆன்டி, பேசிட்டேன், அவங்க ஒத்துக்கிட்டாங்க. உள்ள வாங்க. பழைய வேலை ஒங்களுக்குத்தான்."

கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அமுதா இரண்டு அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். மேட்டைப் பார்த்தாள். வெயிலில் வெறும் மணல், உச்சியில் பொந்துகள், அவற்றின் வாயில் ஈர மணல் சிறு குவியலாக.

"வேணாம்மா" என்றாள். "உள்ள வந்தா என் கை கேக்காது. வெளிய நின்னா ஒங்களுக்கும் நல்லது, அதுங்களுக்கும் நல்லது. புல்லுக்கு மட்டும் காசு குடுங்க, போதும்."

இப்போது வெளிப்பக்க வேலை அவளுக்கு அதிகாரபூர்வமாகவே கிடைத்திருக்கிறது. போன மாதம் நான் போனபோது, சாப்பிடவாவது உட்காரு என்று பிளாஸ்டிக் நாற்காலியை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார் வாசு. அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். ஒரு கவளம், பிறகு குனிந்து ஒரு லாலாங், பிறகு இன்னொரு கவளம். நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன்.